மரத்தூளின் அடுப்பு

எங்கள் ஊரில் ஒரு ரொட்டி அடுப்பு பதினோரு வருடமாக விறகில்லாமல், மாவில்லாமல், ஒரு கை படாமல், நாளொன்றுக்கு நானூறு ரொட்டி சுட்டுத் தள்ளுகிறது. அதில் ஒன்றுகூடக் கருகியதில்லை, ஒன்றுகூட ஆறிப்போனதில்லை. வாங்கிப்போய் அலமாரியில் மறந்துவிட்டு நான்காம் நாள் பிய்த்தாலும் ஆவி பறக்கும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், நாங்கள் காலையிலேயே ஏதாவது குடித்துவிட்டோமா என்று மூக்கை நீட்டி மோந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்கள் ஊரில் அப்படி என்ன பெரிதாக நடந்துவிட்டது? ஒரு பாலம் கட்டினார்கள், திறப்பு விழா அன்றே விழுந்தது.

இந்த அதிசயம் ஒரு நல்ல மனிதன் வீட்டில் நடந்திருந்தால் யாருக்கும் ஒரு வருத்தமும் இருந்திருக்காது. நடந்ததோ மரத்தூளின் கடையில். மரத்தூள் என்பது ரொட்டிக் கடைக்காரனின் பெயரல்ல, அவன் முப்பது வருடமாக மாவில் கலந்த பொருள். கடைக்குப் பின்னால் தச்சுப் பட்டறை இருந்தது. இரண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஊரில் பாதிப் பேர் குடலில் ஒரு நாற்காலி செய்கிற அளவுக்கு மரம் சேர்ந்திருந்தது. ஒருமுறை தச்சர் ஒரு துண்டைக் கடித்து, மென்று, கண்ணை மூடி யோசித்து, இது போன வாரம் நான் இழைத்த கதவல்லவா என்றார். மரத்தூள் சொந்த அண்ணனை ஏமாற்றிக் கடையை எழுதி வாங்கியவன். சொந்த அக்கா கல்யாணத்துக்கு எடை குறைந்த ரொட்டி அனுப்பியவன். ஆலயத்துக்கு வருடத்தில் இரண்டு முறை வருவான், இரண்டு முறையும் குறட்டை விடுவான்.

ஆலயத்தில் அவனுக்குக் கடைசி பெஞ்சு. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் மூப்பர்கள் கூடி, யார் யார் எந்த பெஞ்சுக்குத் தகுதி என்று தீர்மானிப்பார்கள். மொத்தம் பதினெட்டு பெஞ்சுகள். முதலாவதில் குற்றம் குறை இல்லாதவர்கள். பதினெட்டாவது, கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில். போதகரின் குரல் அங்கே போய்ச் சேரும்போது களைத்துப்போயிருக்கும். ஆறாவது பெஞ்சுக்கும் ஏழாவது பெஞ்சுக்கும் இடையே பிரிக்கப்பட்ட ஒரு மாமனும் மச்சானும் பதினான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. மேலே இருப்பவருக்கு இப்படியொரு பட்டியல் தேவைப்படுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவர் இரண்டு பெஞ்சு பின்னால் போவார்.

முதல் பெஞ்சின் முதல் இடம் தராசு ஐயாவுக்கு. எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்ப் படிக்கற்களைச் சோதிக்கும் உத்தியோகம். லஞ்சம் வாங்காதவர், பொய் சொல்லாதவர், சிரிக்காதவர். மரத்தூளின் கடைக்குப் பதினேழு முறை பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தவர் அவர்தான். பதினேழாவது முத்திரை வைத்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த வேலை ஆரம்பித்தது. அடுப்பு ஒரு வாரமாகக் குளிர்ந்து கிடந்தது. மரத்தூள் பக்கவாசல் வழியாக உள்ளே நுழைந்து, வெறும் சாக்குகளின் மேல் மல்லாந்து, ஐயாவின் ஏழு தலைமுறையையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தான். நான்காம் தலைமுறைக்கு வந்திருந்தான். அவன் மனைவி வந்து, அடுப்புக்குள் ஏதோ இருக்கிறது என்றாள். பூனையாக இருக்கும் என்றான் அவன். அவள் இரும்புக் கதவைத் திறந்தாள். நானூறு ரொட்டிகள், பொன்னிறமாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, விடுமுறை விட்ட பள்ளிப் பிள்ளைகள்போல வெளியே வந்து விழுந்தன.

இந்த இடத்தில் மரத்தூள் மனம் திருந்தி அழுதான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் அழவில்லை. நானூறு ரொட்டி கடையை அடைத்துக்கொண்டு படுக்க இடமில்லாமல் செய்ததில் எரிச்சலாகி, பக்கவாசலைத் திறந்து, "எவனாவது எடுத்துட்டுத் தொலைங்கடா" என்று தெருவில் வீசினான். ஊரில் அன்று தருமம் தொடங்கிய விதம் இதுதான். எடுத்தவர்கள் தின்றார்கள். முடிதிருத்துபவர் பாதி சவரத்தில் கத்தியை வைத்துவிட்டுப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மாமியாருக்கு ஒரு துண்டு ஊட்டினார். அந்த அம்மாள் பயந்துபோய் அதை விழுங்கி, இன்னொரு துண்டு கேட்டாள்.

அதிகம் அதிர்ந்தது போதகர். இருபத்திரண்டு வருடமாக அவர் கிருபையைப் பற்றித்தான் பிரசங்கம் செய்துவந்தார். கிருபை என்பது சம்பாதிப்பதல்ல, தகுதியில்லாதவனுக்கு ஆண்டவர் சும்மா தருவது என்று இரண்டு கையையும் விரித்துச் சொல்வார். சபை கண் கலங்கும். அது நிஜமாகவே ஒரு நாள் அடுத்த தெருவுக்கு வந்துவிடும் என்று அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்று நாள் குரல் அடைத்துக் கிடந்தார். நான்காம் நாள் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாகக் கடைக்குப் போனார்.

"நீ என்னப்பா செஞ்ச?" என்றார்.

"ஒண்ணும் செய்யல ஐயா."

"நல்லா யோசிச்சுப் பாரு. எப்பவாவது, யாருக்காவது, சின்னதா ஒரு நல்லது..."

மரத்தூள் முகட்டைப் பார்த்து யோசித்தான். "ஒரு தடவ பசியில கெடந்த ஒரு நாய்க்கு முழு ரொட்டி போட்டேன்."

போதகரின் முகம் மலர்ந்தது. வேகமாக எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"செத்துப்போச்சு."

அதற்குப் பிறகு ஒரு குழு போட்டார்கள். ஆறு மூப்பர்கள், மூன்று மாதம், மரத்தூளின் வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல செயலைக் கண்டுபிடிக்க. அவன் அக்காவை விசாரித்தபோது அவள் நான்கு மணி நேரம் பேசினாள். எழுதிக்கொண்டவருக்குக் கை வீங்கியது. நல்ல செயல் கிடைக்கவில்லை. ஒரு மூப்பர், அவன் குழந்தையாக இருந்தபோதாவது ஏதாவது செய்திருக்கலாம் என்றார். குழந்தையாக இருந்தபோது அவன் பக்கத்துத் தொட்டில் பிள்ளையின் பாலைக் குடித்ததாகத் தெரியவந்தது.

இதற்குள் ரொட்டியின் சுபாவமும் தெரிந்துவிட்டது. பள்ளித் தலைமையாசிரியை, தான் யாரிடமும் எதையும் சும்மா வாங்குகிறவள் இல்லை என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிக் காசை நீட்டினார். காசு மரத்தூளின் கையில் விழுந்த கணம், ரொட்டி அவர் கையில் பொலபொலவென்று மரத்தூளாக உதிர்ந்தது. தேக்குத் தூள், முதல் தரம். சும்மா வாங்கினால் ரொட்டி, விலை கொடுத்தால் தூள். இதைப் புரிந்துகொள்ள மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. எங்கள் மூப்பர்களுக்கு இரண்டு வருடம். முதல் வருடம் அவர்கள் அடுப்பைச் சபையின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்து, பெஞ்சு வரிசைப்படி, தகுதிச் சான்றிதழோடு ரொட்டி வழங்கினார்கள். முதல் பெஞ்சு முழுக்கத் தூள், இரண்டாம் பெஞ்சு முழுக்கத் தூள். பதினெட்டாம் பெஞ்சுக்கு வரும்போது சான்றிதழ் தீர்ந்துபோனதால் அவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள், அவர்கள் வயிறு நிறையத் தின்றார்கள். அடுத்த வருடம் எல்லாருக்கும் ஒரு யோசனை வந்தது: கெட்டவர்களுக்குத்தானே கிடைக்கிறது? கெட்டவர்கள் ஆகிவிடுவோம். பாடகர் குழுத் தலைவி தான் செய்யாத திருட்டு ஒன்றைச் சபை நடுவே அறிக்கையிட்டார். ஒரு மூப்பர் ஐம்பத்தெட்டு வயதில் சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டு இருமி இருமிக் கடை வாசலில் நின்றார். கடைசி பெஞ்சுக்கு அடிதடி. முதல் பெஞ்சில் தராசு ஐயாவோடு ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் தூள்தான். அயோக்கியத்தனத்தையும் ஒரு தகுதியாக நீட்டுகிற சபை உலகத்திலேயே எங்களுடையதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

போதகர் மறுபடி பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கிருபை இலவசம், ஆனாலும் என்று ஆரம்பிப்பார். அந்த ஆனாலும் நாற்பது நிமிடம் ஓடும்.

ஊரில் இதையெல்லாம் நடக்கவே இல்லை என்று சொன்னவர் ஒரே ஒருவர், தராசு ஐயா. மற்றவர்களுக்கு அந்த ரொட்டியின்மேல் கோபம். அவருக்கு அப்படி ஒரு ரொட்டியே கிடையாது. மாவில்லாமல் ரொட்டி இல்லை, அங்கே மாவில்லை, ஆகவே அங்கே ரொட்டி இல்லை. நானூறு பேர் எதைத் தின்கிறார்கள் என்று கேட்டால், அது சுகாதாரத் துறையின் வேலை என்பார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம், அவர் வீட்டுக்குள் நடந்தது மட்டும் இல்லாதிருந்தால்.

அந்த வீட்டில் எடை போடாத எதுவும் உள்ளே வந்ததில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதே எடையில் வேறொன்று திரும்பிப் போகும். கல்யாண நாளன்று மனைவிக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். இந்த வருடம் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக என்று ஒரு சீட்டும் கட்டித் தந்தார். ஒவ்வொரு வேளையும் தட்டு வைத்ததும், நேர்மையாகச் சம்பாதித்த சாப்பாடு என்பார். அடுப்பு ஆரம்பித்த மூன்றாம் வருடம், ஒரு மதியம், அவர் அதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்து, தொண்டையில் இறங்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு எதுவும் இறங்கவில்லை. மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னார், மூச்சை இழுக்கச் சொன்னார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஐயா அலுவலகத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து திங்கள்தோறும் மனைவியை நிறுத்துப் பார்த்தார். ஐம்பத்திரண்டு, நாற்பத்தைந்து, முப்பத்தொன்று. எட்டு வருடத்தில் ஆறரைக் கிலோ. ஒரு நல்ல பூனை அதைவிடக் கனக்கும். காற்றடிக்கிற நாட்களில் அவள் நாற்காலியிலிருந்து எழும்பிவிடாமல் இருக்க, அரசு முத்திரை குத்திய ஐந்து கிலோப் படிக்கல் இரண்டை மடியில் வைத்துவிட்டு அலுவலகம் போவார். அவருக்குக் கல் மட்டும்தான் பழக்கம், பாவம்.

அவளை உயிரோடு வைத்திருந்தது ஜன்னல். காலை பத்து மணிக்கு அந்த வழியாக ரொட்டி வாசனை வரும். வாசனையும் இலவசம்தானே என்று ஐயா ஒரு நாள் ஜன்னலைச் சாத்தினார். அந்த வாரம் இரண்டு கிலோ குறைந்தது. பேசாமல் திறந்துவிட்டார்.

கடைசியில் அவளே கேட்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் கேட்ட ஒரே பொருள். "என்னங்க, அந்தத் திருட்டுப்பய கடையிலேருந்து ஒண்ணு கொண்டாங்களேன்." சோதனைக்கு மாதிரி எடுப்பதாக அலுவலகக் குறிப்பில் எழுதிவிட்டு, ஐயா சரியான சில்லறையோடு போனார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் தூள். அரை கிலோ, ஒரு கிராம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நான் சொன்னேனே என்ற முகத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"குடுத்தாங்களா, வாங்கினீங்களா?"

"காசு குடுத்துத்தான் வாங்கினேன். நான் என்ன பிச்சைக்காரனா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிய வேகத்தில் படுக்கையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே போய், நிதானமாகத் திரும்ப இறங்கினாள்.

ஐயா பயந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வேலை கேட்டுப் போனார். எட்டு நாள் அந்தக் கடையைப் பெருக்கினார். விறகே தேவையில்லாத அடுப்புக்கு ஒரு மலையளவு விறகு பிளந்தார். பதினேழு முத்திரை வாங்கியவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, அந்த மூலையில் இன்னும் தூசி இருக்கிறதே ஐயா என்றான். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எட்டாம் நாள் கூலியாக ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். தூள்தான். உழைப்புக்கு மரியாதையாக, இந்த முறை கொஞ்சம் சலித்த தூள்.

அந்த வாரம் மூப்பர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பதினோரு வருடம் பொறுத்தாகிவிட்டது, அடுப்பை இடித்துவிடுவது. பெஞ்சு வரிசை குலைந்துவிட்டது, பிள்ளைகள் எதையும் உழைத்துப் பெறாமல் வளர்கிறார்கள், முக்கியமாக அது மரத்தூளுக்குக் கிடைத்திருக்கவே கூடாது. ஆனால் ரொட்டி சுடுகிற அடுப்பை இடிக்கச் சட்டம் கிடையாது. அங்கே ரொட்டி என்று எதுவும் இல்லை, எல்லாம் மோசடி என்று ஓர் அதிகாரி எழுதித் தந்தால் இடிக்கலாம். அதற்கு ஊரில் ஒரே கையெழுத்துதான். ஐயா சம்மதித்தார். பதினோரு வருடமாகச் சொல்லிவந்ததைத்தானே எழுதப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் படிக்கற்கள் இரண்டும் இருந்தன, அம்மாள் இல்லை. மேலே பார்த்தார். முதுகு முகட்டில் உரச, ஜன்னல் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாள். மேசைமேல் ஏறிக் கணுக்காலைப் பிடித்தார். கையில் ஒன்றும் இருப்பதுபோலவே தெரியவில்லை.

"விடுங்க. கை வலிக்கும்."

"எங்க போற?"

"தெரியல. எடை பூஜ்யம்னு எழுதிக்கங்க."

அவளைப் போர்வையில் சுற்றிக் கட்டில் காலோடு கட்டிவிட்டு அவர் ஓடினார். அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. நாய்களுக்கே குரைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. காசுப்பை வீட்டில், ஒரு கால் செருப்பு வாய்க்காலில். கடைக்குள் நுழைந்தபோது மரத்தூள் வழக்கம்போல் சாக்குமேல் தூங்கிக்கொண்டிருந்தான். ஐயா அவன் தலைமாட்டில் நின்று மூச்சு வாங்கினார். சொல்வதற்கு எவ்வளவோ இருந்திருக்க வேண்டும்: முப்பத்தாறு வருடச் சேவை, வாங்காத லஞ்சம், முதல் பெஞ்சு. எதுவும் வாய்க்கு வரவில்லை.

"ஒன் கடைக்குப் பதினேழு தடவ பூட்டுப் போட்டேன்" என்றார்.

மரத்தூள் ஒரு கண்ணைத் திறந்தான். "பதினேழும் நியாயந்தான் ஐயா."

"எனக்கு ஒரு ரொட்டி குடு."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. ஏங்கிட்ட ஒண்ணும் இல்ல. குடு."

மரத்தூள் எழுந்திருக்கவில்லை. சோம்பேறி, எழுந்திருக்கவும் மாட்டான். படுத்தபடியே கையை நீட்டி ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினான். "எனக்குக் குடுத்திருக்கக் கூடாதுன்னு ஊர் பூரா கத்துது. அது எனக்குத் தெரியாதா? உங்க எல்லாருக்கும் முன்னாடி எனக்குத்தான் தெரியும். பதினோரு வருஷமா தெனம் காலையில அந்தக் கதவத் தெறக்கறப்ப பயமா இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். எங்கள் ஊரில் கிருபையைப் பற்றிச் சொல்லப்பட்ட உருப்படியான பிரசங்கம் அது ஒன்றுதான். கேட்டவர் ஒருவர், சொன்னவன் பாதித் தூக்கத்தில்.

ஐயா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழியெல்லாம் உதிர்கிறதா உதிர்கிறதா என்று பார்த்தபடி வீடு வந்தார். உதிரவில்லை. அம்மாள் முதல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு விழுங்கினாள். பிறகு அவரைப் பார்க்காமல், எட்டு வருடப் பசியோடு தின்றாள். பாதி ரொட்டியில் போர்வை தளர்ந்தது. முக்கால் ரொட்டியில் கட்டில் கிறீச்சென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஐயா மேசையைப் பிடித்துக்கொண்டார். கடைசித் துண்டை அவள் அவரிடம் நீட்டினாள். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா சாப்பிடுங்கள் என்றாள். முப்பத்தாறு வருடத்தில் சம்பாதிக்காமல் அவர் தின்ற முதல் வாய். தூள் எங்காவது பல்லில் அகப்படுமா என்று தேடித் தேடி வெகுநேரம் மென்றார். இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. கடப்பாரையோடு இரண்டு பேர் வாசலில் தயாராக இருந்தார்கள். கூட்டத்தில் எந்த முடிவு எடுத்தாலும் உடனே செய்து முடித்துவிட வேண்டும் என்பதில் எங்கள் மூப்பர்கள் கெட்டிக்காரர்கள். போதகர் ஜெபித்தார். அறிக்கையை அவரே எழுதி வைத்திருந்தார், நல்ல கையெழுத்து: மேற்படி கடையில் ரொட்டி என்று எதுவும் இருந்ததில்லை. ஐயாவின் முன்னால் காகிதத்தை விரித்து, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

ஐயா காகிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் எப்போதும் எதையும் இரண்டு முறை படிப்பவர். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"நடந்தது" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. எது நடந்தது என்று போதகர் கேட்டார்.

"எல்லாம். அந்த அடுப்பு, நானூறு ரொட்டி, பதினோரு வருஷம். எல்லாம் நடந்தது. அது ரொட்டிதான்."

முதல் பெஞ்சிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, வரிசை வரிசையாகப் பின்னால் போனது. போதகர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன ஐயா இது, எதை வெச்சு சொல்றீங்க? எடை போட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

"போடல" என்றார் ஐயா. "சாப்பிட்டேன்."